பூட்டிக் கிடக்கும் வீடு விடுதியாகும்போது

“ஊட்டியில அப்பா வாங்கிப் போட்ட வீடு சும்மாதானே பூட்டிக் கெடக்கு, ஆன்லைன்ல போட்டுவிடலாமே?” இந்தப் பேச்சு இப்போது நடுத்தரக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிறது. ஊட்டிக்குப் பதில் கொடைக்கானலாக இருக்கலாம், ஏற்காடாக இருக்கலாம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தோட்ட வீடாக இருக்கலாம், காரைக்குடிப் பக்கம் பங்காளிகள் வந்து போகாத பெரிய வீடாகவும் இருக்கலாம். நாலு படம் எடுத்து, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று போட்டு, ஏர்பிஎன்பி மாதிரியான தளத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரியே முதல் கார் வந்து வாசலில் நிற்கும்.

அந்தக் கார் வந்து நிற்கிற நேரத்திலிருந்து அது பழைய வீடு இல்லை. முன்பின் தெரியாத ஐந்து பேர் அங்கே தூங்கப் போகிறார்கள். அவர்கள் விடிந்து நல்லபடியாக எழுந்திருக்க வேண்டும் என்ற பொறுப்பு வீட்டுக்காரருடையது. குறுகிய கால வாடகைக்கு வீடு விடுவதற்கான விதிகள் எல்லாம் அந்தப் பொறுப்பிலிருந்துதான் பிறக்கின்றன. ஆனால், இந்த விதிகள் என்னென்ன என்று ஒரே இடத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்வது தமிழ்நாட்டில் எளிதாக இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் கொஞ்சம், தாலுகா அலுவலகத்தில் கொஞ்சம், மின்வாரியத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. அதனால் பலரும் எதையும் கேட்காமலே தொழிலை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

முதலில் ஹோம்ஸ்டே என்றால் எது என்பதில் தெளிவு வேண்டும். மலைப்பாதையில் போனால் வளைவுக்கு வளைவு ‘ஹோம்ஸ்டே’ பலகை தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு அறைகள், வரவேற்பு மேஜை, சம்பளத்துக்கு ஒரு பையன். வீட்டுக்காரர் கோவையிலோ சென்னையிலோ இருப்பார். இது லாட்ஜ். பலகையில் என்ன எழுதினாலும் லாட்ஜுக்கு உள்ள அனுமதிகள் அத்தனையும் இதற்கு வேண்டும்.

மத்திய சுற்றுலா அமைச்சகம் ‘இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்ற பெயரில் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வீட்டின் ஓர் அறை முதல் ஆறு அறைகள் வரை, அதிகபட்சம் 12 படுக்கைகள், விருந்தினருக்கு விடலாம். தரத்தைப் பார்த்துத் தங்கம், வெள்ளி என்று இரண்டு வகைகளில் சான்று தருகிறார்கள். இதில் மாற்றமே இல்லாத நிபந்தனை ஒன்று உண்டு. வீட்டின் உரிமையாளரும் குடும்பமும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, விரும்பியவர்கள் செய்துகொள்ளலாம். கட்டாயம் இல்லை என்பதாலேயே அந்த நிபந்தனையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் பார்வையில் ஹோம்ஸ்டேக்கான முழுச் சட்டமும் அந்த ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து கடுமையாக நடைமுறைப்படுத்தும் சட்டத்தின்படி, 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். விருந்தினர் இருக்கும்வரை அவரும் அதே வீட்டில் தங்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. ஜப்பானில் 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒரு வீட்டை ஆண்டுக்கு 180 நாள் வரைதான் இப்படி விடலாம் என்கிறது. வீட்டுக்காரர் அங்கே இல்லையென்றால் பதிவுபெற்ற ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைத்தே ஆக வேண்டும். லண்டனில் தனி அனுமதி வாங்காமல் ஆண்டுக்கு 90 இரவுகள். பார்சிலோனா மேயர், நகரில் உள்ள 10,101 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024-இல் அறிவித்தார். உள்ளூர்க்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காமல் போனதுதான் அங்கே பிரச்சினை. ஊருக்கு ஊர் காரணம் வேறு. ஆனாலும் நியூயார்க்கும் ஜப்பானும் கேட்பது, ராத்திரி அந்த வீட்டில் பொறுப்பான ஆள் யார் என்பதைத்தான்.

பொறுப்பான ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் மசினகுடியில் பார்த்தோம். 2021 ஜனவரி. முதுமலையை ஒட்டிய மாவனல்லா பகுதியில், விருந்தினர் தங்கும் கட்டடம் ஒன்றின் அருகே வந்த ஆண் யானை மீது, எரிகிற டயரை எறிந்தார்கள். தீ அதன் காதில் சிக்கிக்கொண்டது. யானை எரிந்துகொண்டே பிளிறி ஓடிய காணொளியை நாடே பார்த்தது. ஏற்கெனவே காயத்தோடு திரிந்த அந்த யானை ஜனவரி 19 அன்று, தெப்பக்காடு முகாமுக்கு லாரியில் கொண்டுபோகும் வழியில் இறந்தது. இருவர் கைதானார்கள். கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். அதன்பிறகு அந்த வட்டாரத்தில் அனுமதியில்லாமல் நடக்கும் காட்டேஜ்கள் மீது மீண்டும் பார்வை திரும்பியது. அதே வாரம் கேரளத்தில் வயநாடு மேப்பாடி அருகே, ஒரு தங்குமிடத்தின் கூடாரத்தில் இருந்த இளம்பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. கூடாரம் போட அங்கே அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். யானை நடமாட்டம் தெரிந்த, அந்த மண்ணிலேயே குடியிருக்கிற ஒரு வீட்டுக்காரர் இரவில் விருந்தினரைக் கூடாரத்தில் படுக்க வைக்கமாட்டார். யானை மேல் நெருப்பை எறியவும் விடமாட்டார்.

அடுத்தது, வீடு நிற்கிற மண். விடுதி தொடங்க நினைப்பவர்கள் அறைக்குள் என்ன கட்டில் போடலாம் என்று யோசிக்குமுன் இதைப் பார்க்க வேண்டும். மலைப்பகுதிக் கிராமங்கள் பலவற்றை ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் அரசு 1990-இல் கொண்டுவந்தது. அந்தக் கிராமங்களில் கட்டட அனுமதிக்குத் தனி நடைமுறை. மலை நகரங்களுக்கென்று 1993-இல் வந்த கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகின்றன. வீட்டுக்கு என்று வாங்கிய வரைபட அனுமதியைக் காட்டி விடுதி நடத்த முடியாது. பயன்பாடு மாறுகிறது, அதற்குத் தனியாக ஒப்புதல் வேண்டும். பழைய வீட்டை வாங்குபவர்கள் பத்திரத்தையும் பட்டாவையும் வக்கீலிடம் காட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கட்டட அனுமதி எதற்குக் கொடுத்தது என்ற தாளைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

இதில் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி சாட்சி. யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளில் 27-க்குச் சீல் வைக்க 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழித்தடத்தை அறிவித்து 2010-இல் தமிழக அரசு வெளியிட்ட ஆணை செல்லும் என்று 2020 அக்டோபர் 14 அன்று தீர்ப்பளித்தது. நிலம் வைத்திருந்தவர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. அந்த விடுதிகளில் சில, பல ஆண்டுகளாக நடந்தவை. கடன் வாங்கிப் பணத்தைப் போட்டவர்கள் அதில் இருந்தார்கள். காலம் கடந்துவிட்டது என்பதோ, ஊரே இப்படித்தான் நடத்துகிறது என்பதோ நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு மலை விதிக்குப் பதிலாகக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. அலை ஏறும் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்பதுதான் அங்கே கேள்வி. அதே நேரத்தில் 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை, மீனவர் உள்ளிட்ட கடலோர மக்கள் தங்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் ஹோம்ஸ்டேயாக விடுவதற்கு இடம் தருகிறது. இது நல்ல விதி. கடற்கரையை வெளியூர்க்காரர் வாங்கிக் கட்டடம் எழுப்புவதைவிட, மீனவக் குடும்பம் ஒன்று தன் வீட்டின் ஓர் அறையில் விருந்தினரைத் தங்க வைத்து, அன்று வந்த மீனைக் குழம்பு வைத்துக் கொடுப்பது எல்லா வகையிலும் நியாயம். இந்த வாய்ப்பை மீனவக் குப்பங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையைச் சுற்றுலாத் துறை கையில் எடுக்க வேண்டும்.

இனி அறைக்குள் போவோம். மலை விடுதிகளில் உயிரைப் பறிப்பது யானையும் நிலச்சரிவும் மட்டும் இல்லை. மூடிய அறையில் எரிகிற நெருப்பும்தான். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊரில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்து கிடந்தார்கள். நாலு பேர் குழந்தைகள். குளிருக்காக கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் உள்ளே தாழிட்டுப் படுத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலில், சின்னப்பள்ளம் பகுதியில் அறை எடுத்துத் தங்கிய இளைஞர்களில் இருவர் மூச்சுத் திணறி இறந்தார்கள். இறைச்சி சுட்ட கரி அடுப்பு அணையாமல் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கரி கனன்றுகொண்டிருக்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை லேசாகக் கனக்கும். குளிர், பயணக் களைப்பு என்று நினைத்துப் படுப்பவர் எழுந்திருப்பதில்லை. புகை வந்தால் இருமி எழுந்துகொள்ளலாம் என்று நினைப்பது தவறு. புகை அடங்கிய கங்குதான் அதிக ஆபத்து. இதை அறைக்கு அறை தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். வரும்போது வாயாலும் சொல்ல வேண்டும். பார்பிக்யூ அடுப்பை வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்காரர், சாப்பாடு முடிந்ததும் கங்கில் தண்ணீர் ஊற்றி அடுப்பைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். விருந்தினர் “நாங்களே பாத்துக்கறோம் அண்ணே, நீங்க போய்ப் படுங்க” என்றாலும் விடக் கூடாது.

குளியலறையில் இருக்கும் கேஸ் கீசரும் இதே சங்கதிதான். ஆறுக்கு நாலு அடி அறை, மேலே ஒரு சின்ன ஜன்னல். குளிர்காற்று வருகிறது என்று அந்த ஜன்னலில் யாரோ பழைய செய்தித்தாளைச் செருகியிருப்பார்கள், அல்லது அட்டையை வைத்து டேப் ஒட்டியிருப்பார்கள். மலைப்பக்கம் தங்கியவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். அந்த அட்டை இருக்கும்வரை அது குளிக்கிற இடம் இல்லை. கீசரையும் சிலிண்டரையும் குளியலறைச் சுவருக்கு வெளியே வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். ஜன்னலுக்கு மூட முடியாத சல்லடை போட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஒரு வாரக்கடைசி வாடகையில் எல்லா அறைக்கும் வாங்கி மாட்டிவிடலாம். நம் விதிகள் எதிலும் வீட்டு விடுதிக்கு இதைக் கட்டாயமாக்கியதை நான் பார்த்ததில்லை. கட்டாயமாக்க வேண்டும்.

கவனக்குறைவால் உயிர் போனால் வழக்கு வீட்டுக்காரர் மேல்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. வீட்டுக்கு எடுத்த காப்பீடு, வாடகைத் தொழில் நடக்கும்போது கைகொடுக்குமா என்பதையும் பாலிசித் தாளைப் படித்து, நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைத் தோட்ட வீடுகளில் இந்த ஆபத்தின் இடத்தில் நீச்சல் குளம் வருகிறது. ஆழம் எழுதிய பலகை, குழந்தைகள் தாண்ட முடியாத வேலி, இரவில் பூட்டு, கயிறு கட்டிய மிதவை. இவை இல்லாத குளத்தைப் படம் எடுத்துப் போட்டு ஆள் கூப்பிடுவது குற்றம் என்றே நினைக்கிறேன்.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடுதியாக நடக்கும் கட்டடத்துக்கு 1965-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின் கீழ் வருவாய்த் துறை உரிமம் தேவைப்படும். உள்ளாட்சியில் தொழில் உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சாப்பாடு கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. சொத்து வரி குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு மாறும். மின்சாரத்தில் பலரும் மாட்டுகிறார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது குடியிருப்பவருக்கான சலுகை. அந்த இணைப்பில் லாட்ஜ் நடத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு என்று கணக்கிட்டு, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். பின்னோக்கி ஓராண்டுக்குக்கூட கணக்கு வரும்.

வருமான வரித் துறையிடம் வரவை மறைக்க முடியாது. தளங்கள் அனுப்பும் பணம் பான் எண்ணோடு பதிவாகிறது. ஜி.எஸ்.டி.யில், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறிய வீட்டுக்காரர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவருடைய அறை இணையத் தளம் வழியாகப் போனால் வரியைத் தளமே கட்ட வேண்டும் என்று சட்டத்தின் 9(5) பிரிவு சொல்கிறது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. அதற்கு மேல் 18 சதவீதம்.

பதிவேட்டுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் போலீஸ் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் கேட்ட பேச்சு இது.

“புக் பண்ணும்போதே எல்லாம் குடுத்துட்டேனேக்கா, திரும்ப எதுக்கு ஐடி?”

“அது கம்பெனிக்குக் குடுத்தது தம்பி. ராத்திரி ஒண்ணுன்னா உங்க வீட்டுக்கு யாரு போன் பண்றது? நாலு பேரு பேரும் நம்பரும் இந்த நோட்டுல வேணும்.”

அந்த அம்மாள் வைத்திருந்தது நீளமான கணக்கு நோட்டு. பெயர், ஊர், வண்டி எண், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், அவசரத்துக்கு யாரை அழைப்பது, வந்த நேரம், போன நேரம். கடைசிக் கட்டத்தில் கையெழுத்து. அடையாள அட்டையைப் பார்த்து எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். இது சரியான பழக்கம். ஆதார் நகலை எடுத்து மேஜை இழுப்பறையில் கட்டுக் கட்டாகப் போட்டு வைப்பது ஆபத்து. முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரே போதும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதுவும் ஏற்கத்தக்கதே. மற்றவர் தகவலை டிஜிட்டலாகச் சேகரிப்பவருக்கு 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடமைகளை வகுத்திருக்கிறது.

வெளிநாட்டு விருந்தினர் என்றால் நோட்டு போதாது. வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரத்தை ஏற்ற வேண்டும். ‘சி படிவம்’ என்று விடுதிக்காரர்கள் இத்தனை காலம் சொல்லிவந்தது இதைத்தான். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. கடமை அப்படியேதான் இருக்கிறது. நம் ஊரில் இதில் ஒரு தடுமாற்றம் உண்டு. மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிற குடும்பம் நம்மைப் போலவே தமிழ் பேசும், குலதெய்வக் கோயிலுக்கு வந்திருக்கும். “நம்ம ஜனந்தானே” என்று விட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது என்றால் சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர். அன்போடு காபி கொடுத்துவிட்டு, அன்றைக்கே விவரத்தை ஏற்றிவிட வேண்டும்.

சட்டத்தில் உள்ளதைச் செய்யாதவர்கள் ஒரு பக்கம். சட்டத்தில் இல்லாததைச் செய்பவர்கள் இன்னொரு பக்கம். கோவையில் 2019-இல் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் இருந்தார்கள், வேறோர் அறையில் மதுப் பாட்டில் இருந்தது என்பவை காரணமாகச் சொல்லப்பட்டன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, விருந்தினர் அளவுக்குட்பட்டு மது வைத்திருப்பதும் குற்றம் ஆகாது, முறையான நோட்டீஸ் இல்லாமல் சீல் வைத்தது இயற்கை நீதிக்கு விரோதம் என்று அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ் தீர்ப்பளித்தார். சீலை அகற்ற உத்தரவானது.

அந்தத் தீர்ப்பு விடுதி நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்து வைத்திருக்க வேண்டியது. இருவரும் வயது வந்தவர்கள், அடையாள அட்டை கொடுத்துவிட்டார்கள் என்றால் அதற்கு மேல் தாலியைத் தேடும் உரிமை வீட்டுக்காரருக்கும் இல்லை, காவலருக்கும் இல்லை. தன் குடும்பம் இருக்கும் வீட்டில் யாரைத் தங்க வைப்பது என்று முடிவெடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டுதான். அதை முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு வாசலில் நிற்க வைத்து, பணத்தையும் திருப்பித் தராமல் அனுப்பினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விருந்தினர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

அக்கம்பக்கத்தாருக்கும் இதில் பங்கு இருக்கிறது. கோடையில் ஊட்டியும் கொடைக்கானலும் வண்டிகளில் அமுங்குகின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இரு ஊர்களுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வரம்பு, ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. முன்பதிவு எடுக்கும்போதே இதை விருந்தினருக்குச் சொல்வது வீட்டுக்காரரின் கடமை. சோதனைச்சாவடியில் குழந்தைகளோடு திரும்பி நிற்பவர்கள் பலரும் யாரும் சொல்லாததால் வந்து மாட்டியவர்கள். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி இருக்கிறது. அறையில் ஒரு பெரிய பாத்திரத்தில் காய்ச்சிய தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும் வைத்துவிட்டால் பாட்டிலே வேண்டாம்.

மிச்சச் சோற்றையும் கோழி எலும்பையும் வேலிக்கு வெளியே கொட்டுவதை மலையில் யாரும் செய்யக் கூடாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கக் கிராமங்களில் கரடி வீட்டு வாசலுக்கு வருவதற்கு இந்தக் குப்பையும் ஒரு காரணம். விருந்தினர் திங்கட்கிழமை கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கரடி வரும் அதே பாதையில் நடக்க வேண்டும். தண்ணீரும் அப்படித்தான். எதிர்வீட்டில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும்போது, விடுதி வாசலில் தினம் இரண்டு லாரித் தண்ணீர் இறங்கினால் தெருவில் மனக்கசப்பு வராமல் இருக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாள் வாடகைக்கு விடுபவர்கள் முதலில் சங்கத்தின் துணைவிதியைப் படிக்க வேண்டும். லிப்டில் தினம் ஒரு புதிய முகம் வருவதை எதிர்க்க, அங்கே வயதான பெற்றோரோடு இருப்பவர்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

இவ்வளவும் வீட்டுக்காரருக்குச் சொன்னது. அரசுக்கும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் தரப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் கடன் வாங்கி இரண்டு அறையைச் செப்பனிடும் ஒரு விதவைத் தாய், அதன்பின் ஊராட்சி, தாலுகா, தீயணைப்பு, மின்வாரியம், உணவுப் பாதுகாப்பு என்று ஐந்து வாசல்களில் நிற்க வேண்டியிருக்கிறது. ஐம்பது அறை ஹோட்டலுக்குக் கேட்கும் தாள்களையே இரண்டு அறைக்கும் கேட்டால் அவர் என்ன செய்வார்? பதிவே இல்லாமல் நடத்துவார், அல்லது யாருக்காவது மாதாமாதம் எதையாவது கொடுப்பார். சட்டத்தை மீறி நடப்பவர்களில் ஒரு பகுதியை நாமே அப்படி உருவாக்குகிறோம்.

உரிமையாளர் குடியிருக்கும், ஆறு அறைக்கு உட்பட்ட வீட்டுக்கு ஒரே விண்ணப்பம், ஒரே ஆய்வு, ஒரே பதிவு எண் போதும். ஆய்வுக்கு வருபவர் குளியலறை ஜன்னலையும் மின் இணைப்பையும் தீயணைப்பானையும் கழிவுநீர்த் தொட்டியையும் பார்க்கட்டும். வரவேற்பறை அலங்காரத்தை விட்டுவிடட்டும். உரிமையாளர் இல்லாத வீடு, ஆறுக்கு மேல் அறைகள், காட்டை ஒட்டிய கூடாரம் ஆகியவை எல்லாம் முழு விடுதிச் சட்டத்துக்குள் வரட்டும். பதிவு எண் இல்லாத எந்த வீட்டையும் இணையத் தளங்கள் காட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். பதிவில்லாத வீட்டுக்குத் தளங்கள் முன்பதிவு எடுக்கக் கூடாது என்று நியூயார்க் தடுத்திருக்கிறது. சென்னையால் முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அது வரும்வரை, அறை எடுத்துத் தங்கப் போகும் வாசகர்கள் பணம் கட்டுமுன் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். என்ன உரிமம் இருக்கிறது, அதன் எண் என்ன என்று கேளுங்கள். வெந்நீர் எதில் வருகிறது, குளியலறையில் திறந்த ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற வீட்டில், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், உங்கள் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.